வெள்ளிக்கிழமைக் கருவாடு

பசியைப் பற்றிக் கேட்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முழிப்பார்கள். அடையாறில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறேன். மழைக்கும் வெயிலுக்கும் முதலில் அடி வாங்குகிற இடங்களில் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சரியாகச் சாப்பிடாததால் உடம்புக்கு என்ன வருகிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, வந்த பதில்களை அட்டவணை ஆக்குவது என் பொறுப்பு. அவ்வப்போது கருத்தரங்கு நடத்துவார்கள். பசி பற்றிய அமர்வு எப்படியோ மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால்தான் வரும். வெளியே பந்தி தயாராகிற வாசனைக்குக் கடைசி வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பாட்டுக்குப் பேசி முடித்துவிட்டு இறங்குவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அழுவேன். ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவேன், வீட்டுக்கு வந்து அழுவேன். பிறகு கோபம் வந்தது. அதுவும் போயிற்று. எப்போது போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊசி போட்ட பல் மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் தொடுவது தெரியும், வலிக்காது. மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். காலையில் சமைக்கத் தோன்றாது. ஸ்டேஷன் வாசலில் நின்றபடியே ஒரு டீ, இருந்தால் ஒரு பன், அவ்வளவுதான். அடுத்த ஸ்டேஷன் சைதாப்பேட்டை. இறங்கி நடந்தால் ஆறு வந்துவிடும்.

ஆற்றங்கரையில் இருந்த அந்தத் தெருவில் பாதி வீடுகளை முன்பே இடித்து, இருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். மீதிப் பாதி, இன்றைக்கோ நாளைக்கோ என்று உட்கார்ந்திருந்தது. அந்த வருஷம் மழை கொட்டியபோது தண்ணீர் அந்த மீதிப் பாதிக்குள்தான் புகுந்தது. ரேஷன் அரிசி ஊறி நாறிவிட்டது. அடுப்பு போயிற்று. வெளியே போகப் பாதை இல்லாததால் வேலையும் போயிற்று. தண்ணீர் வடிந்த முதல் சில நாட்கள் வேனில் சாம்பார் சாதம் வந்தது, ரொட்டி வந்தது, போட்டோ எடுக்கிறவர்கள் வந்தார்கள். பசி அதற்கப்புறம்தான் வரும். அப்போது வேன் வராது. நாங்கள் போவோம், கையில் கேள்விகள் ஏற்றிய டேப்லெட்டோடு.

அந்த அக்கா வீடு தெருவின் கடைக்கோடியில், ஆற்றைப் பார்த்தாற்போல் இருந்தது. நாற்பதைத் தாண்டியிருப்பாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில் ஒரு வயதான தம்பதி வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெருக்கித் துடைக்கிற வேலை. ஒரே மகள், தி.நகரில் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை பிரித்துக் காட்டுகிறவள். அக்காவுக்குச் சர்க்கரை. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

முதல் தடவை போனபோது பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "குந்துமா. இன்னா கேக்கணுமோ கேளு. நீ துன்னியா?"

"ஆச்சுக்கா," என்றேன். ஆய்வுக்குப் போகிற வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று எங்களுக்கு விதி. விதி இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்வேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறோம்.

"நேத்து மதியம் சாப்பிட்டீங்களா?"

"நேத்து விரதம்மா. செவ்வாக்கெயம."

"இன்னைக்கு?"

"இன்னிக்கும் ஒரு வேண்டுதல் கீது."

டேப்பில் 'சமய விரதம்' என்ற கட்டத்தைத் தொட்டேன். தொட்டதும் அது சாப்பாட்டுப் பக்கம் மொத்தத்தையும் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அங்கே முதல் கேள்வி: உங்கள் வீட்டுக் கூரை எதனால் ஆனது? அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். சாமிக்காகச் சாப்பிடாமல் இருப்பது இல்லாமையில் சேராது. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

மழை முடிந்த அந்த மாதம் அந்தக் கரையில் பக்தி பெருகிவிட்டது. செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. ஒரு புதன்கிழமை போய் நின்றபோது அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரில் இருந்த பிள்ளையாரைப் பார்த்து, "இவருக்கு," என்றாள். பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா, ஜரிகை வேலை செய்கிறவர், வீட்டுக்காரர் படுத்த படுக்கை. ரம்ஜானில் விட்டுப்போன நோன்பை இப்போது பிடிப்பதாகச் சொன்னார். எல்லோரையும் கூரைக் கேள்விக்கு அனுப்பினேன்.

மாத்திரையைப் பற்றிக் கேட்கும் பகுதியில் அக்கா உற்சாகமாகிவிடுவாள். அட்டையை எடுத்துக் காட்டுவாள். ஒரு வேளை தவறியதில்லை.

"விரதத்தன்னைக்கும் போடறீங்களா?"

"பின்ன? சோறு தான் போவல, மாத்திரயாவது உள்ள போவட்டும். ஒண்ணுமே இல்லன்னா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவறது?"

சாப்பிடாமல் இந்த மாத்திரை போட்டால் சர்க்கரை அடியோடு இறங்கி மயக்கம் வரும், போடாதீங்க என்று சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினாள். சர்க்கரை இறங்கினால் நல்லதுதானே, அதற்குத்தானே மாத்திரை என்று அவள் மனதில் ஓடுவது முகத்திலேயே தெரிந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை வந்தது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அக்கா அடுப்பு முன்னால் குந்தியிருந்தாள். தலை குளித்திருக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் விளக்கு காய்ந்து கிடந்தது.

"சாப்பிட்டீங்களாக்கா?"

"இன்னிக்கி வெள்ளிக்கெயமம்மா. விரதம்."

சொன்ன பிறகுதான் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எந்த ஊரில், எந்த வீட்டில், அம்மன் விரதத்தன்று கருவாடு கொதிக்கும்? சாதாரண வெள்ளிக்கிழமையிலேயே கருவாட்டைத் தொடாத வீடுகள் அந்தத் தெருவில் இருந்தன. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பொண்ணுக்கு," என்றாள் கடைசியில். "நாள் பூரா நின்னுக்கினே கீறா. ஒரு வாய் ருசியா துன்னட்டும்னு."

"நீங்க?"

"ஒருத்தருக்கு வர்றது ஒருத்தருக்குத்தாம்மா வரும்." அடுப்பைத் தணித்தாள். "அவளாண்ட சொல்லிக்காத. வேலை வூட்ல நாஷ்டா குடுப்பாங்க. அத்த டப்பால எட்த்துனு வந்து அவளுக்குக் குட்த்துட்டு, நா அங்கயே துன்னுட்டேன்னு சொல்லுவேன். நெசந்தான்னு நம்பிக்கினு கீறா. தெரிஞ்சா அவளும் துன்ன மாட்டா. அப்பறம் கடையில மயங்கி வுயுந்தா வேலையும் பூடும்."

"வேலை வீட்ல என்ன சொல்வீங்க?"

"விரதம்னு சொல்லுவேன். இல்லன்னு சொன்னா பாவம்பாங்க. விரதம்னு சொல்லிப் பாரு, 'ஆகட்டும்மா'ன்னு கையெடுத்துக் கும்புடாத கொறதான்."

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். மெய்யாகவே வேடிக்கையாகத்தான் இருந்தது. நான் டேப்பை மடியில் கவிழ்த்துவைத்தேன். இதைக் கேட்டு, முன்பிருந்த நான் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்தேன். ஆனால் அதையும் வேறு யாரையோ பற்றி யோசிப்பது போலத்தான் யோசிக்க முடிந்தது.

திங்கட்கிழமை ஆபீசில் எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். நல்ல மனிதர். புரட்டாசி சனிக்கிழமைகளில் அவரே ஒரு வேளைதான் சாப்பிடுவார். காது கொடுத்துக் கேட்டார்.

"இந்தத் தாண்டுற கட்டத்தை எடுத்துட்டா நல்லது சார். விரதம்னு சொல்றவங்ககிட்டயும் சாப்பாட்டுக் கேள்வி கேக்கணும்."

"பாதியில மாத்தினா முன்னாடி எடுத்த வீடுங்களோட ஒப்பிட முடியாதேம்மா. அதுவும் தவிர, ஒருத்தங்க விரதம்னு சொல்றாங்க, நாம போய் 'இல்ல, பொய்'னு எழுதறதா? அவங்க நம்பிக்கைய சந்தேகப்பட நாம யாரு?"

"அவங்களே சொன்னாங்க சார்."

"ஒருத்தங்க சொன்னாங்க. சரி, குறிப்புல எழுதுங்க. அடுத்த ஆய்வுல பாத்துக்கலாம்."

குறிப்புப் பகுதியில் எழுதினேன். அதை யாரும் படிப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் கருவாட்டை விடாமல் எழுதினேன். சண்டை போட்டிருக்கலாம். கோபம் வரும் வரும் என்று நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. கேன்டீனில் போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

அக்காவிடம் என் நம்பரைக் கொடுத்துவைத்திருந்தேன்; மகளின் குரலைப் போனில்தான் முதலில் கேட்டேன். "அக்கா, நீங்க அந்த சர்வே அக்கா தான? எங்கம்மா வேலை வூட்ல மயங்கி வுயுந்துட்டாங்க. இன்னா மாத்திர போடறாங்கன்னு டாக்டர் கேக்கறாரு. எனக்கு ஒண்ணும் தெரில. உங்களாண்ட எல்லாம் எழுதி வச்சிகீறதா அம்மா ஒருவாட்டி சொல்லிச்சு."

மாத்திரைப் பெயரைப் போனிலேயே சொன்னேன். சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். எதற்குப் போகிறேன் என்று தெளிவாக இல்லை.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன கிளினிக். உள்ளே கட்டிலில் அக்காவுக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. வெளியே பெஞ்சில் கடைச் சீருடைப் புடவையோடு மகள். பக்கத்தில் அந்த வேலை வீட்டு மாமி, மடியில் ஒரு பிளாஸ்கை அணைத்துக்கொண்டு. யாரைப் பார்த்தாலும் நடந்ததை முதலிலிருந்து சொல்லாமல் மாமியால் இருக்க முடியவில்லை. என்னிடமும் சொன்னார்.

"ஏகாதசியோன்னோ, இன்னிக்கு ஆத்துல ஒண்ணும் பண்ணலை. எங்க ரெண்டு பேருக்கும் பாலும் பழமும்தான். ஒனக்கு மட்டும் ரெண்டு தோசை வார்த்துத் தரட்டுமான்னு கேட்டேன். 'நானும் விரதம் மாமி'ன்னா. எப்பப் பார்த்தாலும் ஏதாவது ஒரு விரதம் சொல்லிண்டே இருப்பா. குடுக்கற டிபனை வாயில வெச்சுண்டதே இல்லை. டப்பால போட்டுண்டு, பொண்ணுக்குன்னு எடுத்துண்டு போயிடுவா. இவ்வளவு ஆசாரமா இருக்காளேன்னு நான் எங்காத்து மாமாகிட்ட பெருமையா சொல்லிண்டிருக்கேன்."

மகள் தலையைத் திருப்பினாள்.

"உங்கூட்ல துன்னுட்டேன்னு தான எங்கையில சொல்லும்," என்றாள்.

மாமி பிளாஸ்கைப் பெஞ்சில் இறக்கி வைத்தார்.

"டெய்லி சொல்லும். வயிறு ஃபுல்லா கீது, நீ துன்னுன்னு." அவள் யாரையும் பார்த்துப் பேசவில்லை. "நேத்து பொங்கல் நல்லா கீது, நாளிக்கும் எட்த்துனு வான்னு வேற சொன்னேன்."

டாக்டர் வந்து, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால் வந்த வினை என்று விளக்கினார். இன்றைக்குப் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், பிழைத்தாள், தனியாக இருக்கும்போது இப்படி ஆகியிருந்தால் எழுந்திருக்கவே மாட்டாள் என்றார். வேளாவேளைக்குச் சாப்பிட வையுங்கள் என்றார். மகள் புடவை முந்தானையில் கடை முத்திரை குத்தியிருந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டே தலையாட்டினாள். டாக்டர் குறைத்துச் சொன்ன மாத்திரை அளவை நான் டேப்பில் திருத்தி எழுதிக்கொண்டேன். எனக்கு அங்கே இருந்த ஒரே வேலை அதுதான்.

ஏதாவது வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தேன். கோதுமை மாவு, பயறு, முட்டை என்று ஒரு பை நிறைய. ஆய்வுக்குப் போகிறவர் பொருள் கொடுக்கக் கூடாது என்பதும் விதிதான், போகட்டும். அடுத்த முறை போனபோது ஜரிகை வேலை செய்யும் அம்மா வீட்டு வாசலில் அதே பை மடித்துக் கிடந்தது. "அவங்கூட்டுக்காரருக்கு இன்னும் மோசமா கீதும்மா," என்றாள் அக்கா. எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்ததே பெரிய விஷயம் என்று ரயிலில் நினைத்துக்கொண்டேன்.

கடைசிச் சுற்றுக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. மழையில் நனைந்த அதே சுவர்கள் இப்போது அனலாகக் கொதித்தன. இரண்டு நேரத்துக்குச் சமைத்து வைத்தால் சாயங்காலத்துக்குள் ஊசிப்போய்விடும் என்று அந்தத் தெருவில் எல்லோரும் ஒரே வேளைக்குத்தான் உலை வைத்தார்கள். பண்டிகை வியாபாரம் முடிந்துவிட்டதால் துணிக்கடையில் பாதிப் பெண்களை நிறுத்திவிட்டிருந்தார்கள். மகள் வீட்டில் இருந்தாள். மதிய நேரம். தரையில் ஒரு தட்டில் சோறு போட்டிருந்தது, மேலே கருவாட்டுக் குழம்பு. சோற்றுப் பானை பக்கத்தில் கவிழ்ந்திருந்தது. தட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மகள். நான் வருவதற்கு முன்பே அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள் போல.

நாற்காலியை மகள்தான் எடுத்துப் போட்டாள். டேப்பைத் திறந்தேன்.

"இன்னைக்கு மதியம் சாப்பிட்டீங்களாக்கா?"

அக்கா, "இன்னிக்கி வந்து..." என்று ஆரம்பித்துவிட்டு மகளைப் பார்த்து நிறுத்தினாள். "துன்னுவேன். அவ மொதல்ல துன்னட்டும்."

"எனக்கு வேணாம்," என்றாள் மகள். "எனக்கு விரதம்."

"உனுக்கு இன்னாடி விரதம்?"

"வெள்ளிக்கெயம தான? அம்மனுக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை என்று தலையை அசைத்தேன். அவளுக்கே தெரியும். கிளினிக் பெஞ்சில் மாமி சொன்னது போதாதா?

"கவுச்சிய எதிர்ல வச்சிக்கினு விரதம்ன்றா பாரு," என்றாள் அக்கா என்னிடம். "வயசுப் பொண்ணு, துன்னுடி. உனுக்காகத்தாண்டி செஞ்சேன்."

"மாத்திர போட்டுகீறல்ல நீ? டாக்டர் சொன்னாரு இல்ல? நீ துன்னு."

"நீ துன்னு, மிச்சம் நா துன்றேன்."

"மிச்சம் வெக்கறதுக்கு அதுல இன்னா கீது?"

அக்கா தட்டைப் பார்த்தாள். இத்தனை மாதம் அவள் கட்டிக் காத்தது இந்த ஒன்றைத்தான். மகள் சாப்பிட வேண்டும், சாப்பிடும்போது எதுவும் தெரியாமல் சாப்பிட வேண்டும். அது போய்விட்டது. தட்டில் ஓர் ஈ உட்கார்ந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை வீசி விரட்டினார்கள். மறுபடி கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

நான் கட்டத்தைத் தொடவில்லை. டேப் திரை தானாக அணைந்தது. குழம்பின் வாசனை அறை முழுக்க நின்றது. காலையில் ஸ்டேஷனில் டீ மட்டும்தான் குடித்திருந்தேன். எனக்குப் பசித்தது. வெகு காலத்துக்குப் பிறகு, வயிற்றைப் பிடுங்குகிற மாதிரி, வாயில் எச்சில் ஊறுகிற மாதிரி பசித்தது. கண்ணும் கரித்தது. அந்தத் தட்டைப் பார்க்காமல் இருக்க நான் படாத பாடு பட்டேன்.

வந்தவளை எதிரில் வைத்துக்கொண்டு சண்டை போட்டுவிட்டோமே என்று அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ துன்னியாம்மா?"

"ஆச்சுக்கா," என்றேன்.